தாய்மீன் தின்ற கொழுப்பு எங்கே போகிறது?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பொருளாதார உயிரியல் பாடம் வரும்போது, மீன் வளர்ப்புப் பகுதியைப் பெரும்பாலும் ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிறோம். இனப்பெருக்கக் குளம், பொரிப்புக் குளம், நாற்றங்கால் குளம், வளர்ப்புக் குளம், இருப்புக் குளம் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால், வரிசையில் முதலில் நிற்கும் அந்த இனப்பெருக்கக் குளத்துத் தாய்மீன் என்ன சாப்பிடுகிறது, அதன் சாப்பாட்டுக்கும் பிறக்கப்போகும் குஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், உணவூட்டம், ஹார்மோன், செல் சவ்வு, உணவுச் சங்கிலி, கரிம வேதியியல் என நாம் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் ஒரே மீனின் உடலுக்குள் ஒன்றுசேர்வதைப் பார்க்கலாம்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்ட மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் வருகிறது. அங்கிருந்து வாய்க்கால் வழியாக ஏரிகளுக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். விட்ட குஞ்சு நலிந்ததாக இருந்தால், அது தெரியவரும்போது பாதித் தண்ணீர் வற்றியிருக்கும். குத்தகைப் பணம் திரும்ப வராது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குஞ்சு எங்கிருந்து வருகிறது?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் ஓடும் வெள்ளத்தில்தான் இயல்பாக முட்டையிடும். தேங்கிய குளத்தில் அவற்றின் வயிற்றில் சினை முதிரும், ஆனால் வெளிவராது. வெளியேறாத முட்டைகளை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஹிராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் அவரும் கே.எச்.அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டைகளைத் தூண்டி முட்டையிடச் செய்தனர். ஆண்டுதோறும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுவது அதனால்தான்.

ஊசி போட்டால் முட்டை வரும். ஆனால் வயிற்றில் முதிர்ந்த சினை இருந்தால்தான் ஊசி வேலை செய்யும். ஊசி என்பது கதவைத் திறக்கும் சாவி போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்வது அதற்கு முந்தைய மாதங்களில் மீன் தின்ற தீவனம். அந்தத் தீவனத்தில் கவனித்துப் பார்க்க வேண்டிய பகுதி கொழுப்பு.

கல்லீரலிலிருந்து சினைப்பைக்கு

கொழுப்பு என்றதும் ஆற்றல் தரும் எரிபொருள் என்றே மாணவர்கள் எழுதுவார்கள். அது சரிதான். முட்டையிடும் பருவத்தில் பல மீன்கள் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும்; அப்போது சேமித்த கொழுப்புதான் கைகொடுக்கும். ஆனால் இனப்பெருக்கத்தில் கொழுப்புக்கு எரிபொருள் வேலையைத் தவிர இன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, முட்டைக்குள் கருவுணவு சேர்ப்பது. பகல் நீளம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் மாற்றத்தை மீனின் மூளை உணர்கிறது. மூளை பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய், விட்டெல்லோஜெனின் என்ற பொருளைத் தயாரிக்கச் சொல்கிறது. இது புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. கல்லீரலில் தயாரான விட்டெல்லோஜெனின் மீண்டும் இரத்தம் வழியாகச் சினைப்பைக்கு வந்து, வளரும் முட்டைகளுக்குள் கருவுணவாகச் சேர்கிறது. தாய் தின்ற கொழுப்பு அமிலங்கள் முட்டைக்குள் போகும் முக்கியமான பாதை இது.

இரண்டாவது, ஹார்மோன் தயாரிப்பு. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற பால் ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. முதிர்ந்த முட்டை சினைப்பையிலிருந்து விடுபடுவதற்கு இவை தேவை. தங்கமீனில் பெண் மீன் தண்ணீரில் வெளியிடும் புரோஸ்டாகிளாண்டினே ஆண் மீனை ஈர்க்கும் செய்தியாகவும் இருக்கிறது. தீவனத்தில் இருந்த கொழுப்பு, கடைசியில் ஒரு மீன் இன்னொரு மீனுக்குச் சொல்லும் சொல்லாகிவிடுகிறது!

மூன்றாவது, செல் சவ்வு. கருவுற்ற முட்டை சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான செல்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு செல்லுக்கும் சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். கண், மூளை ஆகியவற்றின் செல் சவ்வுகளுக்கு டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் குறிப்பாகத் தேவை. பெருங்கெண்டையின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அதன்பின் ஏறத்தாழ மூன்று நாள்கள் குஞ்சு வெளியிலிருந்து எதுவும் தின்பதில்லை. வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையே அதன் கட்டுச்சோறு. அது தீர்வதற்குள் கண் தெரிய வேண்டும்; நீந்திப் போய் இரையைப் பிடிக்க வேண்டும். கட்டுச்சோற்றில் எதைக் கட்டிக்கொடுத்தாள் தாய் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆண் மீனையும் மறந்துவிடக் கூடாது. விந்தணுவின் சவ்விலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. ஒமேகா-3 குறைந்த தீவனம் உண்ட ஆண் டிரவுட் மீன்களின் விந்துக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் வளர்க்கப்படும் அதே குளிர்நீர் மீன்தான் டிரவுட்.

குளத்து மீன் ஒரு வகை, கடல் மீன் ஒரு வகை

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. ஒமேகா-6 வரிசையில் லினோலெயிக் அமிலமும், ஒமேகா-3 வரிசையில் லினோலெனிக் அமிலமும் அடிப்படை. இந்த இரண்டையும் முதுகெலும்பிகளின் உடலால் புதிதாகத் தயாரிக்க முடியாது. அவை உணவில்தான் வர வேண்டும். அதனால்தான் இவற்றை இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்கிறோம்.

அடிப்படை அமிலம் கிடைத்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. கெண்டை போன்ற நன்னீர் மீன்கள் பலவற்றால் லினோலெனிக் அமிலத்தை நீட்டி, இரட்டைப் பிணைப்புகளைச் சேர்த்து, இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றை ஓரளவு தயாரித்துக்கொள்ள முடியும். லினோலெயிக் அமிலத்திலிருந்து அரகிடோனிக் அமிலத்தையும் அவ்வாறே பெறும். கடலில் வாழும் ஊனுண்ணி மீன்கள் பலவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அவை உண்ணும் மத்தி போன்ற மீன்களிலேயே டி.எச்.ஏ. தயாராகக் கிடைப்பதால் தாமே தயாரிக்கும் தேவை எழுவதில்லை. அந்த மீன்களுக்கு அது கடல் பாசிகளிலிருந்தும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களிலிருந்தும் வருகிறது. உணவுச் சங்கிலிப் பாடத்தில் ஆற்றல் மட்டும் கடத்தப்படுவதாகச் சொல்கிறோம்; குறிப்பிட்ட மூலக்கூறுகளும் கடத்தப்படுகின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தவிடும் பிண்ணாக்கும்

நம் பகுதியில் மீனுக்குத் தீவனம் என்றால் அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும்தான். இரண்டையும் சம அளவில் கலந்து போடுவது நெடுநாள் வழக்கம். இவற்றிலுள்ள கொழுப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கும். தவிட்டு எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஒலெயிக் அமிலமும் ஒமேகா-6 லினோலெயிக் அமிலமும் நிறைய உண்டு. ஒமேகா-3 மட்டும் மிகச் சொற்பம். கடலை எண்ணெயில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளாகக் கெண்டைகள் எப்படி நல்ல குஞ்சு கொடுத்தன? விடை குளத்துத் தண்ணீரில் இருக்கிறது. சாணம் போட்டுப் பசுமை கூடிய குளத்தில் பாசிகளும் டயாட்டம்களும் பெருகும். பச்சைப் பாசிகளில் லினோலெனிக் அமிலமும், டயாட்டம்களில் இ.பி.ஏ.வும் உண்டு. அவற்றைத் தின்று விலங்கு மிதவை உயிரிகள் வளரும். மேல்மட்டத்தில் வாய் திறந்து வடிகட்டித் தின்னும் கட்லாவுக்கு அவைதான் முக்கிய இரை. பிண்ணாக்கு ஒமேகா-6 தருகிறது. குளம் ஒமேகா-3 தருகிறது. விவசாயிகள் வேதியியல் பெயர் தெரியாமலே இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இந்தச் சமன்பாடு இரண்டு வகையில் கெடலாம். ஒன்று, ஒரே குளத்தில் தாய்மீன்களை நெருக்கமாக அடைத்துவிட்டால் மிதவை உயிரிகள் போதாமல் போகும். மற்றொன்று, இப்போது சந்தையில் கிடைக்கும் தவிடு பெரும்பாலும் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஆலையிலிருந்து வரும் புதிய தவிட்டில் எண்ணெய் 15 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். எண்ணெய் எடுத்த தவிட்டில் ஒரு விழுக்காட்டு அளவே மிஞ்சும். செக்குப் பிண்ணாக்குக்கும், கரைப்பானால் எண்ணெய் எடுத்த ஆலைப் பிண்ணாக்குக்கும் இதே வேறுபாடு உண்டு. மூட்டையின் பெயர் மாறவில்லை. உள்ளே இருப்பது மாறிவிட்டது.

இந்தத் தேவையை உணர்ந்து, புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், கெண்டைத் தாய்மீன்களுக்கென்றே 'சிஃபாபுரூட்' என்ற தீவனத்தை உருவாக்கியது. இதை உண்ணும் மீன்கள் வழக்கமான பருவத்துக்கு முன்பே சினை முதிர்கின்றன. குஞ்சு முன்கூட்டியே கிடைத்தால், ஏரியில் தண்ணீர் நிற்கும் சில மாதங்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள நம் ஏரிகளுக்கு இது சிறிய செய்தி அல்ல.

நம் கடற்கரையில்

கடல் மீன்களில் தாய்மீன் தீவனத்தின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவா மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்தில், 2010 மார்ச்சில் கடல் விரால் இந்தியாவில் முதல்முறையாகக் கூண்டிலும் தொட்டியிலும் பேணப்பட்ட தாய்மீன்களிலிருந்து குஞ்சு தந்தது. அங்கே தாய்மீன்களுக்குத் தவிடும் பிண்ணாக்கும் போடவில்லை. மத்தி, கணவாய், நண்டு ஆகியவற்றை உடல் எடையில் சுமார் 5 விழுக்காடு அளவுக்குக் கொடுத்து, கூடவே வைட்டமின்களும் சேர்த்தார்கள். டி.எச்.ஏ., இ.பி.ஏ., அரகிடோனிக் அமிலம், கொலஸ்ட்ரால் எல்லாம் அந்த இரையிலேயே இருக்கின்றன.

எவ்வளவு காலத்துக்கு முன்பிருந்து நல்ல தீவனம் தர வேண்டும் என்பதும் மீனுக்கு மீன் மாறும். ஒரே பருவத்தில் பலமுறை முட்டையிடும் சில கடல் மீன்களில், தீவனத்தை மாற்றிய மூன்று வாரங்களிலேயே முட்டையின் தரம் மாறுவதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டனர். ஜப்பானில் வாட்டனபே குழுவினர் 1980-களில் சிவப்புக் கடற்பிரீம் மீனில் செய்த ஆய்வுகளும், முட்டையிடுவதற்குச் சற்று முன்பு தரும் தீவனமே முட்டையைப் பாதிக்கும் என்று காட்டின. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சினை முதிரும் டிரவுட் போன்ற மீன்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

எடை கூடினால் முட்டையும் கூடுமா?

"அப்படியானால் மீனெண்ணெயை அள்ளிக் கொட்டினால் நிறையக் குஞ்சு வருமா சார்?" என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்க வேண்டும். அதற்கு அழகான ஒரு பதில் பிலிப்பைன்சில் கிடைத்தது. அங்கே சந்தியாகோ, ரெயஸ் ஆகிய இருவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நைல் திலேப்பியா தாய்மீன்களுக்கு வெவ்வேறு எண்ணெய்கள் கலந்த தீவனங்களைத் தந்தார்கள். காட் மீன் கல்லீரல் எண்ணெய் உண்ட மீன்களே அதிக எடை போட்டன. ஆனால் குஞ்சு தந்ததில் அவைதான் கடைசி. ஒமேகா-6 மிகுந்த சோயா எண்ணெய் உண்ட மீன்களே இனப்பெருக்கத்தில் முன்னே நின்றன. நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் மீனின் நெருங்கிய உறவுதான் இது.

கதை அத்துடன் முடியவில்லை. எகிப்தில் 2005-இல் வெளிவந்த ஆய்வில், அதே திலேப்பியாவை உவர்நீரில் வளர்த்தபோது அதற்கு மீனெண்ணெயின் ஒமேகா-3 தேவைப்பட்டது. நன்னீரில் சோயா எண்ணெயே போதுமானதாக இருந்தது. மீன் ஒன்றே, தண்ணீர் மாறியதும் தேவை மாறிவிட்டது. ஆகவே, 'எந்த எண்ணெய் சிறந்தது?' என்ற கேள்வி முழுமையானதல்ல. எந்த மீனுக்கு, எந்த நீரில், எந்தப் பருவத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மிகையும் குறையைப் போலவே தீங்கு. ஒமேகா-3 குறைந்தபோது கடற்பிரீம் மீனின் முட்டைகள் சரியாகக் கருவுறவில்லை. அளவு மீறியபோதோ முட்டைகளின் எண்ணிக்கை குறைந்ததுடன், பொரிந்த குஞ்சுகளின் கருவுணவுப் பை இயல்புக்கு மாறாகப் பருத்திருந்தது. அளவுக்கு மீறினால் அமிர்தமும் நஞ்சு என்பது மீனுக்கும் பொருந்துகிறது.

இன்னொரு எச்சரிக்கை, ஊசிப்போன எண்ணெய். இரட்டைப் பிணைப்பு மிகுந்த கொழுப்பு அமிலம் ஆக்சிஜனுடன் எளிதில் வினைபுரியும். தவிட்டில் கொழுப்பைப் பிரிக்கும் லிப்பேஸ் நொதியும் இருப்பதால், ஆலையிலிருந்து வந்த சில நாள்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். அத்தகைய தீவனம் மீனின் உடலிலுள்ள வைட்டமின் ஈ-யைத் தீர்த்துவிடும். முட்டையின் சவ்வுகளைக் காப்பதும் அதே வைட்டமின்தான். பழைய மூட்டையை மலிவாக வாங்குவது எப்போதும் இலாபம் அல்ல.

வகுப்பறையில் செய்து பார்க்க

செலவில்லாமல் செய்யக்கூடிய சில செயல்பாடுகள் இதோ:

1. காகிதச் சோதனை: புதிய தவிடு, எண்ணெய் எடுத்த தவிடு, செக்குப் பிண்ணாக்கு, ஆலைப் பிண்ணாக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகத் தாளில் வைத்துத் தேய்க்கச் செய்யலாம். எண்ணெய்க் கறையின் அளவை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்தலாம்.

2. சினையைப் பார்த்தல்: மீன் வாங்கும் வீட்டிலிருந்து சிறிது சினை கொண்டுவரச் சொல்லி, கைலென்சில் முட்டைகளைப் பார்க்கலாம். ஒரு கிராமில் எத்தனை முட்டைகள் என்று எண்ணி, மொத்தச் சினைக்கும் கணக்கிடலாம். மாதிரியெடுத்தல் என்ற கணிதக் கருத்தும் இதில் சேர்ந்துவிடும்.

3. கணக்கு: ரோகு மீன் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 2 இலட்சம் முட்டைகள் இடும். 2 கிலோ மீனுக்கு 4 இலட்சம். கணக்குக்காக, ஒரு குளத்தில் 90 விழுக்காடு கருவுற்று அதில் 80 விழுக்காடு பொரிந்தால் 2,88,000 குஞ்சுகள். மற்றொரு குளத்தில் 70 விழுக்காடு கருவுற்று அதில் 60 விழுக்காடு பொரிந்தால் 1,68,000. இரண்டு தாய்மீனும் இட்ட முட்டைகள் சமம்தான், வேறுபாடு 1,20,000. முட்டையின் எண்ணிக்கை வேறு, முட்டையின் தரம் வேறு என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும்.

4. பாதை வரைதல்: தவிடு, குடல், கல்லீரல், இரத்தம், சினைப்பை, கருவுணவுப் பை, குஞ்சின் கண் என்று கொழுப்பு அமிலத்தின் பயணத்தைக் கரும்பலகையில் அம்புக்குறிகளால் வரையச் செய்யலாம். எந்த இடத்தில் எந்த ஹார்மோன் வேலை செய்கிறது என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் குறிக்கலாம்.

5. ஊரில் கேட்டறிதல்: ஏரியில் மீன் விட்டவர்களிடம் குஞ்சை எங்கே வாங்கினார்கள், எந்த மாதம் விட்டார்கள், எத்தனை பிழைத்தன என்று மாணவர்கள் கேட்டு எழுதி வரலாம்.

நடத்தும்போது ஒரு கவனம் தேவை. மீனில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தி, இன்ன எண்ணெய் குடித்தால் இன்னது நடக்கும் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. திலேப்பியாவுக்கும் கொடுவாவுக்குமே பொருந்தாத ஒன்று, மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்களையே கேட்கலாம்.

முதல் மழை வந்து ஓடையில் புதுவெள்ளம் பாயும்போது, சினை வயிற்றோடு மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். மலையடிவாரச் சிற்றூர்களில் பிள்ளைகள் கூடையும் வலையுமாக ஓடுவது அப்போதுதான். அந்த மீன் மாதக்கணக்கில் தின்று, கல்லீரலில் சமைத்து, சினையில் கட்டி வைத்த சாப்பாட்டோடு வருகிறது என்று தெரிந்த பிள்ளை, பிடித்ததில் வயிறு பருத்த இரண்டைத் தண்ணீரில் திரும்ப விடக்கூடும். ஒரு ரோகுவின் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, அந்த இரண்டு என்பது எத்தனை இலட்சம் என்று தெரியும்.